சுண்டுக் கால்பந்து: புதிதாக வருபவர்கள் இரண்டாவது வாரமே காணாமல் போகிறார்கள்

சப்யூட்டியோ ஆடுபவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். 1947-ல் பீட்டர் அடால்ஃப் விற்பனைக்குக் கொண்டுவந்த, பொம்மை வீரர்களை விரலால் சுண்டி ஆடும் மேசைக் கால்பந்துதான். மூன்று வருடமாக வாராவாரம் ஆடுகிறோம். 12 பேராக ஆரம்பித்து இப்போது 5 பேர், எல்லோருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புதியவர்கள் ஆர்வமாகத்தான் வருகிறார்கள். அடுத்த வாரம் ஆளைக் காணோம்.

கவனித்ததில், சிக்கல் தடுப்புச் சுண்டலில், அதாவது எதிராளி ஆடும்போது அவரைத் தடுக்க நாம் சுண்டுவதில். ஒரே பொம்மை தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பந்தைச் சுண்டக்கூடாது என்பது உடனே பிடிபடுகிறது. எதிராளி சுண்டும் ஒவ்வொரு முறைக்கும் நாமும் ஓர் ஆளை நகர்த்தலாம் என்றதும் குழம்பிப்போகிறார்கள். நாங்களோ பழக்கதோஷத்தில் படபடவென்று ஆடிப் பத்து கோல் போட்டுவிடுகிறோம். அதுவும் தப்புதான்.

ஆட்ட நேரத்தைப் பாதியாக்கினோம், அணிகளை இரவல் கொடுத்தோம், வீடியோ காட்டினோம். ஆடுகளத் துணியைச் சுருக்கமில்லாமல் பலகையில் ஒட்டியாயிற்று. பொம்மைகளின் பழைய அடிப்பாகத்துக்குப் பதிலாக வழுக்கிக்கொண்டு போகும் தட்டை அடிப்பாகம் கொடுத்தால், பொம்மை மேசையைத் தாண்டிப் பறந்ததுதான் மிச்சம்.

முதல் சில வாரங்களுக்குத் தடுப்புச் சுண்டலையே எடுத்துவிட்டு ஆடவைத்து, ஆட்களைத் தக்கவைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?