டேப்லெட்டுக்கு ஆண்ட்ராய்டு 13 போடலாமா?

பெரம்பூரில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். டேப்லெட்டில் ஒரு பாதியில் பாடநூல், மறுபாதியில் கணக்கு போட்டுக் காட்ட நோட்டு. இப்போது 11 இருக்கிறது. திரையைப் பிரிப்பதற்குள் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். 13 வந்திருக்கிறது, போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள் டீச்சர். 2022 மார்ச்சில் வந்த 12எல் என்ற ஆண்ட்ராய்டு பதிப்பு பெரிய திரைக்கென்றே செய்தது. அந்த வசதிகள் 13-இலும் உண்டு. கீழே டாஸ்க்பார், அதாவது ஆப் ஐகான்கள் வரிசையாக இருக்கும் பட்டை, வரும். அதிலுள்ள ஐகானை அழுத்திப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தால் திரை இரண்டாகிவிடும்.

பதில்: முதலில் பேக்கப் எடுங்கள்.

டீச்சர்: சரி சார். அப்புறம், டேப்லெட்டைப் படுக்கவைத்தால் வருகைப்பதிவு ஆப் திரும்ப மாட்டேன் என்கிறது. அதுவும் சரியாகுமா?

பதில்: 13-இல் ஆகாது. ஆண்ட்ராய்டு 16-இல்தான், அதற்கென எழுதிய ஆப்களுக்கு, திரும்பாதபடி ஆப் போட்டிருக்கும் பூட்டைப் பெரிய திரையில் சிஸ்டமே கண்டுகொள்ளாது. ஆப் செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள்.