தேக்கின் பெயர்ப்பலகையில் எந்தக் குடும்பத்தை எழுதுவது?

வணக்கம். பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா ஒன்றில் பெயர்ப்பலகைகளைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எளிய வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

பழைய பலகையில் தேக்கு, வெர்பினேசியே குடும்பம். இன்றோ அது லேமியேசியே, அதாவது துளசிக்கு உறவு. எருக்கு இருந்த அஸ்கிளிபியடேசியே, குடும்பத்தோடு அப்போசினேசியேவுக்குள் கரைந்துவிட்டது. டி.என்.ஏ. ஆய்வுகளை ஒட்டி எழுந்த, பூக்கும் தாவரங்களுக்கான ஏ.பி.ஜி. வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். இளநிலை மாணவர்களோ, வெளித்தோற்றத்தை வைத்து வகைப்படுத்திய 19ஆம் நூற்றாண்டின் பெந்தம்-ஹூக்கர் முறையைப் படித்துவிட்டு வந்து, பலகை தவறு என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறார்கள். பாத்திகளும் அந்தப் பழைய வரிசையில்தான் இருக்கின்றன. செடியை இடம் மாற்றலாம், தேக்கை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

இரண்டு குடும்பப் பெயர்களையும் ஒரே பலகையில் எழுதிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குழப்பம் குறைந்ததா, கூடியதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு செடி எங்கிருந்து, எப்போது வந்தது என்ற பதிவேட்டுக்குக் கொண்டுபோவது அதன் சேர்க்கை எண். அது தொலைந்தால் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அது வெறும் அழகுச் செடி. எங்கள் மரம் ஒன்றில் எண் பொறித்த அலுமினியத் தகட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிட்டது; பட்டைக்கு வெளியே தகட்டின் ஒரு மூலையும் கடைசி இரண்டு இலக்கங்களும்தான் தெரிகின்றன. பட்டையைச் செதுக்க எனக்கு மனமில்லை. மீதி இலக்கங்களைக் கண்டுபிடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பருக்கும் மரத்துக்கு நீங்கள் தகட்டை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.