ஆர்: மைனஸ் விச் போட்டால் வெக்டர் முழுக்கக் காலியாகிறது, ஏன்?

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி கூடவே வரும் ஏர்குவாலிட்டி (காற்றின் தரம்) டேட்டாவை வைத்துப் பழகுகிறேன். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் அளந்தது. ஓசோன் நெடுவரிசையை மட்டும் 'ஓ' என்ற வெக்டரில் (எண்களின் பட்டியலில்) வைத்தேன், 153 இடங்கள். ரொம்ப உயர்ந்த அளவை நீக்க இப்படிக் கொடுத்தேன் (விச் நிபந்தனைக்குப் பொருந்தும் இடங்களைத் தரும், மைனஸ் அவற்றை நீக்கும்):

ஓ[-விச்(ஓ > 150)]

117-ஆவது இடத்தில் இருந்த 168 மட்டும் போய் 152 மிச்சம். சரிதான். அதே வரியில் 150-ஐ 200 ஆக்கினால் இன்டிஜர்(0), அதாவது காலி வெக்டர், என்று வருகிறது! 200-ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லையே, 153-ம் அப்படியே வர வேண்டாமா?

செல்வம்:
விச் வேண்டாம்மா. ஓ[ஓ <= 200] போடு, வந்துடும்.

பழையகணக்கு:
செல்வம் சொன்ன வரி சரி. ஆனா காரணம் தெரியாம விட்டா, இது நாளைக்கு வேற இடத்துல வந்து நிக்கும். விச் தருவது இட எண்களை. எதுவும் சிக்கலைன்னா நீளம் 0 உள்ள வெக்டரைத் தரும். அதுக்கு முன்னாடி மைனஸ் போட்டாலும் அதே காலி வெக்டர்தான். மைனஸ் ஒட்டிக்க அங்க எண்ணே இல்லை. அடைப்புக்குள்ள காலி வந்தா ஆர் அதை 'எந்த இடமும் வேண்டாம்'னுதான் எடுத்துக்கும். எரர் வராது, வார்னிங்கும் வராது. அதுதான் எனக்குப் பயமா இருக்கும். ஃபங்ஷனுக்குள்ள இந்த வரி இருந்து, அடுத்து சராசரி எடுத்தா, நேன் ('எண் இல்லை'ங்கற விடை) வந்த பிறகுதான் தெரியும். மைனஸ் விச்சை யாருக்கும் நான் கத்துக்கொடுக்கறதே இல்லை.

கயல்:
புரிந்தது அண்ணா. ஓ[ஓ <= 150] போட்டால் 152-தான், ஆனால் அதில் 37 என்ஏ (அளவு பதிவாகாத இடம்) இருக்கிறது.

பழையகணக்கு:
அந்த 37 முதல்லயே இருந்ததுதான். ஐந்தாவது இடத்தைப் பாரு, என்ஏ. என்ஏ-வை 150-ஓட ஒப்பிட்டா விடையும் என்ஏ, அதனால அந்த இடம் என்ஏ-வாவே வந்துடும். அளவு தெரிஞ்சது மட்டும் போதும்னா ஓ[விச்(ஓ <= 150)] போடு, 115 வரும். மைனஸ் இல்லாத விச் இங்க நல்லா உதவும். டேட்டா ஃபிரேம்ல (முழு அட்டவணையில) வரிசை எடுக்கும்போது இன்னும் கவனம்: ஓசோன் > 150 என்று நேரடியாகக் கேட்டா, ஒரே வரிசை வரவேண்டிய இடத்துல 38 வரும். அதுல 37 வரிசையில எல்லா நெடுவரிசையும் என்ஏ.