ஷேக் பின் பாஸ் பத்தி ஒரு டவுட்

கேள்வி:
சலாம் பாய். சவூதி முஃப்தியா (மார்க்கத் தீர்ப்பு சொல்ற தலைமை அறிஞரா) இருந்த பின் பாஸுக்கு கண்ணு தெரியாதுன்னு இப்பதான் கேள்விப்பட்டேன், அப்புறம் எப்படி காஜியா (நீதிபதியா) கேஸெல்லாம் பாத்தாரு?

பதில்:
வ அலைக்கும் சலாம். பொறக்கும்போது பார்வை இருந்துச்சு தம்பி, கண் நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமா மங்கி 20 வயசு வாக்குல சுத்தமா போயிடுச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே குர்ஆன் முழுக்க மனப்பாடம். சவூதியில இருக்குற அல்கர்ஜ் ஊர்ல 14 வருஷம் காஜி, மத்தவங்க படிச்சு காட்ட காதால கேட்டே எல்லாம். 1961ல மதீனா யுனிவர்சிட்டி ஆரம்பிச்சப்ப துணைத் தலைவர் வேற.

பதில்:
முஃப்தி ஆனது லேட்டு, 1993ல தான். அவரோட உஸ்தாத் (ஆசிரியர்) முஹம்மது பின் இப்ராஹீம் 1969ல மவுத்தானதுல (இறந்ததுல) இருந்து அந்தப் பதவி காலியாவே கெடந்துச்சு. 1999ல பின் பாஸ் வஃபாத் (இறந்துட்டார்).

பதில்:
இவருக்கு அடுத்து வந்த முஃப்திக்கும் பார்வை இல்ல, கவனிச்சீங்களா?

கேள்வி கேட்டவர்:
அட, அது தெரியாதே! ஜஸாக்கல்லாஹ்.