புதுப்பிப்பு: பொம்மைக் குதிரைக்குச் சுருள் முடி வந்துவிட்டது

என் பொம்மைக் குதிரையின் நைலான் முடியில் சுருள் நிற்கவே இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னதில் வேலை செய்தது, முடியை ஸ்ட்ராவில் சுற்றும் யோசனைதான். முடியை அலசி, கண்டிஷனர் போட்டுச் சிக்கெடுத்து, ஈரத்தோடு சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்தேன். நுனி மடங்காமலிருக்க டிஷ்யூ தாள் வைத்து, ஸ்ட்ராவில் இறுக்கிச் சுற்றினேன். முடிமேல் மட்டும் வெந்நீர், உடனே குளிர்ந்த தண்ணீர். அப்புறம் இரண்டு நாள் தொடவே இல்லை. முதல் தடவை கோட்டைவிட்டது இங்கேதான். ஈரம் காய்வதற்குள் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

கர்லிங் அயர்ன் (முடியைச் சூட்டால் சுருட்டும் கருவி) வைக்கச் சொன்னவர் மன்னிக்கவும். ஒரே ஒரு இழையில் சோதித்தேன், உருகி முடிச்சுப் போட்டுக்கொண்டது.

எதிர்பாராத ஒன்று: பிடரியிலிருந்த ஜிகினா இழைகள் வெந்நீர் பட்டதும் சுருங்கி முறுக்கிக்கொண்டன. அவற்றை முன்பே ஒதுக்கிக் கட்டியிருக்கலாம்.

அதோடு உடலுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. 1980களின் குதிரை என்றால் கவனம்: உள்ளே வாலைப் பிடித்திருப்பது உலோக வளையமாக இருக்கலாம், அது துருப்பிடித்தால் காவிக்கறை வாலில் இறங்கும். நல்லவேளை, தலையைக் கழற்றித் துடைத்துவிட்டேன்.

இன்னொரு குதிரைக்கு நைலான் இல்லை, பாலிபுரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் முடி. அதே முறைதான், ஆனால் சுருள் விழவில்லை, லேசான அலையோடு சரி.