புதுப்பிப்பு: அப்பச்சியின் சோடியம் குறைவுக்குக் காரணம் தெரிந்தது

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே நடந்த விபத்தில் தலையில் அடிபட்ட அப்பச்சிக்கு இரத்தச் சோடியம் லிட்டருக்கு 121 மில்லிமோலாக இறங்கியதையும், தண்ணீரைக் குறைப்பதா உப்பைக் கூட்டுவதா என்று நான் கேட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது அது 136. இயல்பான அளவு 135 முதல் 145 வரை.

மூளைக் காயத்தில் சோடியம் குறைய இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. ஒன்றில், சிறுநீரில் நீர் வெளியேறுவதைக் குறைக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் மிகையாகச் சுரந்து, உடலில் நீர் தேங்கி, உப்பு நீர்த்துப்போகிறது. மற்றதில் சிறுநீரகம் உப்பையும் அதனுடன் நீரையும் வெளியேற்றிவிடுகிறது. சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், உடல் வற்றியிருக்கிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் முதன்மையாகப் பார்த்தார்கள். அப்பச்சிக்குச் சிறுநீர் மிகுதியாகப் போய் இரத்த அழுத்தமும் தாழ்ந்திருந்ததால், இது இரண்டாவது வகை என்று முடிவு செய்தார்கள். அக்கறையோடு தண்ணீரைக் குறைக்கச் சொன்ன ஆச்சிமார் இதைக் கவனிக்க வேண்டும்: அப்படிச் செய்திருந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறைந்திருக்கும்.

வலிப்பு வந்தபோது 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். சோடியம் ஒரே நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்ந்தால் மூளைத்தண்டில் நரம்புறை சிதைந்து கைகால் செயலிழக்கக்கூடும் என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; இந்தப் பொறுமைதான் சிகிச்சையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன்.

இப்போது உப்பு மாத்திரையும், சிறுநீரகம் உப்பைத் தக்கவைக்க உதவும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மருந்தும் தொடர்கின்றன. பின்னது பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் அதையும் பரிசோதித்து வருகிறோம்.