அம்மாவின் காப்பை உருக்கினால் தங்கத்தின் தரம் குறையுமா?

வினா – பரந்தன் வாசகி
அம்மா விட்டுச்சென்ற இரண்டு பவுண் காப்பை உருக்கி மகளுக்குச் சங்கிலி செய்ய எண்ணியிருக்கிறேன். காலபோகச் செலவுக்கு வங்கியில் ஈடு வைப்பதும், அறுவடைக்குப் பின் மீட்பதுமாக எங்களைத் தாங்கிய நகை அது. உறுதிக்காகச் செம்பு சேர்க்க வேண்டும், நிறம் சற்றுச் சிவக்கும் என்கிறார் பத்தர். சிவந்தால் தங்கம் குறைந்துவிட்டதென்று பொருளா?

மறுமொழி – பட்டறைவாசி, வவுனியா
நிறத்தை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள், சகோதரி. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது 91.67 வீதம், மீதியில் செம்பு கூடினால் நகை சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும், தங்கத்தின் அளவு மாறாது. ஆனால் உங்கள் காப்பு 22 கரட்டாக இருந்தால் அதற்கு வேண்டிய கலப்பு அதிலேயே இருக்கிறது. அதற்கு மேல் வெறும் செம்பைச் சேர்த்தால் தரம் கட்டாயம் இறங்கும். தரம் இறங்காதிருக்க, சேர்க்கும் ஒவ்வொரு கிராம் செம்புக்கும் 11 கிராம் சுத்தத் தங்கம் சேர்க்க வேண்டும்.

நிறையைக் கவனியுங்கள். பவுணுக்கு 8 கிராமாக, 16 கிராம் காப்பில் ஏறத்தாழ 14.67 கிராம் தங்கம் உண்டு. அதையே 18 கரட்டாக இறக்கினால் நிறை 19.5 கிராமைத் தாண்டிவிடும். நிறை கூடியதைக் கண்டு மகிழ்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும்.

மறுமொழி – முள்ளியவளையான்
கண்ணிகளை ஒட்டவைக்கும் பற்றுலோகமான பொடியையும் மறக்கக் கூடாது. சங்கிலியின் கண்ணிகளைப் பொடி வைத்து ஊதியே மூடுகிறார்கள். நகை உருகுமுன் பொடி உருக வேண்டுமென்பதால் அதில் செம்பு, வெள்ளி, நாகம் (துத்தநாகம்) போன்றவை கூடுதலாக இருக்கும். ஆகவே நுண்ணிய கண்ணிகள் நிறைந்த சங்கிலியை உருக்கினால் தரம் சிறிது இறங்கியே வரும். கட்மியம் கலந்த பொடியை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அது 767 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகி, ஊதுபவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

மறுமொழி – மாங்குளம் அக்கா
தங்கச்சி, உருக்குமுன் காப்பையும், உருக்கிய பின் கட்டியையும் நிறுத்து, இரண்டையும் உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். தரம் தெரிந்த தங்கத்தின் கோட்டை அருகில் இழுத்து, இரண்டு கோடுகளின் மேலும் அமிலம் விட்டால், தரம் குறைந்த கோடு மங்குவது உங்கள் கண்ணுக்கே தெரியும். கட்டியைக் கம்பியாக இழுக்குமுன் இதைச் செய்வது நல்லது.